எரியுது, வாசம் இல்லை: சௌந்தரம் டீச்சரின் வழக்கு

பரளச்சியிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். எங்கள் பள்ளிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "கோமதி டீச்சர், சௌந்தரம் டீச்சர் தவறிட்டாகளாம். விடியக்காலைல. அவுக மக உங்ககிட்டச் சொல்லிவிடச் சொன்னாக" என்றார். விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. கிளம்பிய புழுதி அடங்கும் வரைக்கும் நான் அங்கேயே நின்றிருந்தேன். மஞ்சள் காமாலை என்று தெரியும். போன வாரம்கூடப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனாலும் நம்ப முடியவில்லை. நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை அவர்களுக்கு.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பரளச்சிக்கு மாற்றலாகிப் போகும்வரை டீச்சர் எங்கள் திருச்சுழிப் பள்ளியில்தான் வேலை பார்த்தார்கள். கூட்டத்தில் எங்கள் அறிவியல் ஆசிரியர் எழுந்து, "சௌந்தரம் டீச்சர் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பார்கள். யார்மீதும் ஒரு வருத்தமும் இல்லாத ஆத்மா" என்று பேசினார். கைக்குட்டையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

டீச்சர் சிரித்த முகக்காரர் இல்லை. வருத்தம் இல்லாதவரும் இல்லை. அவர்களுக்கு நடந்ததை அறிந்தவர்கள் மறந்துவிடக் கூடாது, அறியாதவர்கள் அந்த ஆசிரியரின் பேச்சை நம்பிவிடக் கூடாது.

அறுபதுகளின் நடுவில் சௌந்தரம் டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பரளச்சியில் புஞ்சைக்காட்டுச் சம்சாரி வீட்டுப் பெண். கணவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர், காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தை வள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினார்கள். எங்கள் இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் நெய் உருக்கினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ கோமதி, முருங்கையிலை போட மறந்துட்டியே!" என்று குரல் வரும். நான் போய் இலை பறித்து வருவேன்.

வாய் கொஞ்சம் காரம். ஒருமுறை பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் புழுத்த ரவை வந்து இறங்கியது. தலைமையாசிரியர், "சலிச்சுப் போட்டாச் சரியாப் போகும்" என்றார். டீச்சர் அதில் ஒரு தட்டு கிண்டச் சொல்லி அவர் மேஜையில் வைத்து, "மொதல்ல நீங்க சாப்பிடுங்க சார், அப்புறம் பிள்ளைக சாப்பிடட்டும்" என்றார்கள். மூட்டை திரும்பிப் போயிற்று. இப்படிப்பட்டவரைத்தான் பின்னால் பொய்க்காரி என்றார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் பாலவனத்தத்தில் ஆசிரியர் கூட்டம். டீச்சரும் நானும் போயிருந்தோம். கூட்டம் முடிந்து ரோட்டோரம் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு கறுப்பு பிளசர் பறந்து வந்தது. எங்கள் பக்கம் காருக்கு அதுதான் பெயர். முன்னால் போன மாட்டுவண்டியை முந்தப் போய், ரோட்டைவிட்டு இறங்கி எங்கள்மேல் பாய்ந்தது. நான் எப்படியோ மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். டீச்சரைப் பக்கவாட்டில் இடித்து மல்லாக்கத் தள்ளிவிட்டது. பின்மண்டை மைல்கல்லில் மோதியது. சிதறுகாய் போடுகிற மாதிரி ஒரு சத்தம்.

காரை ஓட்டியவன் அருப்புக்கோட்டையில் பஞ்சு அரவை ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியின் மகன். இறங்கினான். முதலில் அவன் பார்த்தது காரின் விளக்கைத்தான். அது உடைந்திருந்தது. அப்புறம்தான் டீச்சரைப் பார்த்தான். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் போலீசில் எழுதும்போது ஓட்டியது டிரைவர் என்று ஆகிவிட்டது. காரிலேயே இல்லாத ஒரு ஏழை மனிதன் வந்து நின்று தலையாட்டினான்.

மயங்கிக் கிடந்த டீச்சரை அந்த முதலாளிக்கு வேண்டிய ஒரு தனி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். மண்டையில் தையல், மணிக்கட்டில் வீக்கம். எலும்பு எதுவும் முறியவில்லை. "சாதாரணக் காயம்" என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலாளியின் கணக்குப்பிள்ளை ஒரு பழக்கூடையோடு வந்து, "ஏதோ அம்மன் புண்ணியம், பெருசா ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன கோமதி, சுடுதண்ணில சீனியப் போட்டுக் கொண்டாந்திருக்க?" என்றார்கள். சளி பிடித்திருக்கும் என்றேன். சளி இல்லை. ஒரு வாரம் கழித்து என் வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் பால் பொங்கி வற்றிச் சட்டி கருகிப் புகைகிறது. டீச்சர் முன்கட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "என்னடி இப்படி ஓடியார?" என்றார்கள். நான் அடுப்படியைக் காட்டினேன். அவர்கள் சட்டியைப் பார்த்தார்கள், மூச்சை இழுத்தார்கள், இன்னொரு தடவை இழுத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் அவர்களை உடைத்தது. சித்திரை மாத வெயிலில், முந்தின நாள் பருப்புக்குழம்பு ஊசிப்போய்விட்டது. தெரியாமல் அதை வள்ளிக்கு ஊற்றிச் சோறு போட்டுத் தானும் சாப்பிட்டார்கள். குழந்தை, "அம்மா, நல்லால்ல" என்றதாம். "அடம் பிடிக்காமத் தின்னு" என்று ஊட்டியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். கண் செருகிவிட்டது. வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். காரியாபட்டி தாண்டும்போது குழந்தை கை துவண்டு தொங்கியது. டீச்சர் அழவில்லை. "என் கையால, எம்பிள்ளைக்கு, ஊசிப்போனதப் போட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். குழந்தை பிழைத்தது. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம், "கேசு போடப்போறேன்" என்றார்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் போனோம். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கை ஒடிஞ்சா எக்ஸ்ரே காட்டலாம். கால் போச்சுன்னா நடந்து காட்டலாம். மூக்கு முழுசா இருக்கு, அழகா மூக்குத்தி வேற போட்டிருக்கீங்க. வாசம் போச்சுன்னு எதைக்கொண்டும்மா நிரூபிக்கிறது?" என்றார். மதுரையில் வேறொரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். நல்லவர்தான், பயந்தவர். அப்போது எங்கள் ஜில்லா வழக்குகளுக்கும் மதுரைக்குத்தான் போகவேண்டும்.

வழக்குப் போட்ட செய்தி பரவியதும் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. கடைத்தெருவில் போனால் யாராவது பின்னால் மல்லிகைப்பூவை நீட்டிவிட்டு, திரும்புகிறார்களா என்று பார்ப்பார்கள். கருவாட்டுக் கூடையைப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். படித்தவர், படிக்காதவர் பேதமில்லை. ஒரு பெண்ணுக்கு என்ன போயிற்று என்று கேட்க ஒரு ஆளில்லை, உண்மையிலேயே போயிற்றா என்று பார்க்கத்தான் எல்லாருக்கும் ஆசை.

எங்கள் ஆசிரியர் அறையும் சளைத்ததில்லை. ஒரு நாள் டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்தேன். உள்ளே காலை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். டீச்சர் கரும்பலகை முன்னால் நின்று, பிள்ளைகள் தன்னைப் பார்த்து ஏன் சிரிக்கின்றன என்று தெரியாமல், புடவையில் கிழிசலா, முகத்தில் சுண்ணாம்பா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அப்படி நின்றிருக்கிறார்கள். நான் மேஜை டிராயரைத் திறந்தேன். உடைந்த கூமுட்டைகள். பிள்ளைகள் வைக்கவில்லை. வைத்தவர் எங்கள் அறிவியல் ஆசிரியர், இரங்கல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர். கேட்டதற்கு, "ஒரு சோதனைதான் டீச்சர். விஞ்ஞானம்னா சோதிச்சுத்தான் பாக்கணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சௌந்தரம் டீச்சர் டிராயரைத் தானே கழுவினார்கள். என்னைத் தொடவிடவில்லை. கழுவிக்கொண்டே, "முட்டை நாத்தம் எனக்குத் தெரியல கோமதி. அதை வச்சவன் நாத்தம் தெரியுது" என்றார்கள். அன்றிலிருந்து அவர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வந்து தங்கிவிட்டது. அதைத்தான் அந்த மனிதர் சிரித்த முகம் என்கிறார்.

சொந்தக்காரர்கள் வேறு. டீச்சரின் கொழுந்தன் அருப்புக்கோட்டையில் பருத்தி விதைக் கடை வைத்திருந்தார். ஆலை முதலாளி முகம் கோணினால் கடை நடக்காது. ஒரு நாள் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மதினி, கோர்ட்டு கச்சேரின்னு பொம்பள ஏறி இறங்குறது நம்ம குடும்பத்துக்கு அழகா? மொதலாளி பெரிய மனுசன். பேசி முடிச்சுத் தாரேன். விட்டுருங்க."

"அந்தப் பெரிய மனுசன் ஒரு நாளு என் வாசல்ல வந்து, 'தாயி, எம்மகன் பண்ணுனது தப்பு'ன்னு சொல்லட்டும். அன்னைக்கே விட்டுர்றேன்."

"அவுக எப்படி இங்க வருவாக?"

"அப்ப நான் அங்க போறேன், கோர்ட்டுக்கு."

கொழுந்தன் போய்விட்டார். முதலாளியும் வரவில்லை, மகனும் வரவில்லை.

எதிர்த்தரப்பு தங்கள் டாக்டரை வைத்துச் சோதிக்கவேண்டும் என்று கேட்டது. முந்தின நாள் எங்கள் வக்கீல் டீச்சரை உட்காரவைத்து, "எந்தப் பாட்டிலை நீட்டினாலும் ஒண்ணுமே தெரியலைன்னு சொல்லிருங்கம்மா. மூஞ்சியை ஆட்டாமல் வச்சுக்கங்க" என்று சொல்லிக்கொடுத்தார். துணைக்கு நான் போயிருந்தேன். அந்த டாக்டர் டீச்சரின் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு பாட்டிலாக நீட்டினார். காப்பித் தூள், கிராம்பு, பெருங்காயம், மண்ணெண்ணெய். எல்லாவற்றுக்கும் டீச்சர், "தெரியல" என்றார்கள். கடைசியாக ஒன்றை நீட்டினார். டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பினார்கள். கண்கட்டுத் துணி நனைந்தது.

"இப்போது தெரிகிறதா?"

"எரியுது சார். மூக்குக்குள்ள மொளகாப் பொடியப் போட்டாப்பல எரியுது. ஆனா வாசம் இல்லை."

டாக்டர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். பாட்டிலில் இருந்தது அம்மோனியா. அந்த அம்மாளுக்கு வாசம் நன்றாகத் தெரிகிறது, மற்றவற்றுக்குத் தெரியவில்லை என்றது நடிப்பு என்று அறிக்கை கொடுத்துவிட்டார்.

எங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! ஒண்ணும் தெரியலைன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

டீச்சர், "கண்ணுல தண்ணி கொட்டுது. எரியலைன்னு எப்படி சார் சொல்றது? எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் கேசு. நடக்காததைச் சொல்லி ஜெயிக்கிறதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார்கள்.

விசாரணை நாள் வந்தது. நானும் சாட்சி. முட்டை விஷயத்தைச் சொன்னேன். எதிர் வக்கீல் என்னிடம், "நீங்கள் இருவரும் ஒரே வீட்டுச் சாப்பாடா?" என்று கேட்டு, ஏதோ பெரிய விஷயம் பிடித்துவிட்டதுபோல் ஜட்ஜைப் பார்த்தார். பிறகு டீச்சரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"பாடம் நடத்துகிறீர்களா?"

"நடத்துறேன்."

"சம்பளம் முழுசாக வருகிறதா?"

"வருது."

"பிறகு என்ன நஷ்டம்? மூக்கால் பாடம் நடத்துவதில்லையே?"

பின்வரிசையில் இளம் வக்கீல்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்கள். பிறகு மெதுவான குரலில், "எம்பிள்ளையை உச்சி மோந்து பாத்தா, பிள்ளை வாசம் வரமாட்டேங்குது சார்" என்றார்கள்.

எதிர் வக்கீல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அதற்கு என்ன விலை போடச் சொல்கிறீர்கள்?" என்றார். மறுபடியும் சிரிப்பு. மனிதர்கள் அப்படியும் சிரிப்பார்கள் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள், அசிங்கத்தைத் தொட்டவர் துடைப்பதுபோல.

ஜட்ஜ் அன்றைக்கு விசாரணையை நிறுத்திவிட்டு, இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைத் தாமே வரவழைத்தார். வயதானவர், குரலே எழும்பாது. அவர் டீச்சரை மறுபடியும் சோதித்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். பின்மண்டையில் பலமாக அடிபட்டால் மூளை உள்ளே குலுங்கி, மூக்குக்கு மேலே இருக்கிற வாசனை நரம்புகள் நூல் அறுவதுபோல் அறுந்துபோகும், மூக்கில் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது என்றார்.

எதிர் வக்கீல் அவசரமாக எழுந்து, "அப்படியானால் அம்மோனியா மட்டும் எப்படித் தெரிந்தது?" என்றார்.

"அது தெரிய வேண்டும்" என்றார் அந்த டாக்டர். "அம்மோனியா வாசம் மட்டும் இல்லை, காரம். காரத்தை உணர்கிற நரம்பு வேறு. வாசனை நரம்பு செத்தவர்களுக்கும் அது எரியும். பொய் சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. அதனால், எரிகிறதையும் சேர்த்து, ஒன்றுமே தெரியவில்லை என்பார்கள். பொய்யரைப் பிடிக்கத்தான் அந்தப் பாட்டிலை வைத்திருக்கிறோம். இந்த அம்மா எரிகிறது என்றார், வாசம் இல்லை என்றார். உண்மையில் வாசம் போனவர் சொல்லவேண்டியது அதுதான்."

எங்கள் வக்கீல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடி டீச்சர் நடந்திருந்தால் வழக்கு அன்றைக்கே செத்திருக்கும். எதிர்த்தரப்பு டாக்டருக்கும் இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டேதான் சிரித்தாரா என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தீர்ப்பு டீச்சர் பக்கம் வந்தது. பட்டது பலத்த காயம்தான், வாழ்நாள் முழுக்கத் தீராத ஊனம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் சம்பளம் குறையாததால் இழப்பீட்டையும் குறைத்துத்தான் கொடுத்தார்கள். 'பொய் சொல்லவில்லை' என்று ஜட்ஜ் எழுதிய வரியை மட்டும் டீச்சர் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

ஜெயித்தால் ஊர் வாயை மூடும் என்று நினைத்தேன். மூடவில்லை. "மூக்கை வித்துக் காசாக்கிட்டா" என்று ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே பேசினார்கள். கடை நொடித்துப்போன கொழுந்தன் ஒரு நாள் வந்து, இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு, "மதினி, அந்தப் பணத்துல ஒரு கைமாத்து" என்று ஆரம்பித்தார். டீச்சர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் போன பிறகு டம்ளரைப் புளிபோட்டு மூன்று தடவை தேய்த்தார்கள்.

அப்புறம் மாற்றல் கேட்டுப் பரளச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே வள்ளிதான் அம்மாவுக்கு மூக்கு. மாவு புளித்திருக்கிறதா, பால் திரிந்திருக்கிறதா, அடுப்பில் ஏதாவது பிடிக்கிறதா என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை மோந்து சொல்லும். போனால் எனக்கும் ஆக்கிப் போடுவார்கள். உப்பும் உறைப்பும் தூக்கலாக இருக்கும், அவர்கள் நாக்குக்கு எட்டுவது அவ்வளவுதான். கடைசியாகப் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். "ஆஸ்பத்திரி வாடை ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றார்கள். வாசம் போனதை வைத்து அவர்கள் பரிகாசம் செய்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடக்கத்தன்று பரளச்சி வீட்டு வாசலில் ஒரு பிளசர் வந்து நின்றது. ஆலை முதலாளியின் மகன் இறங்கினான். இப்போது அவன்தான் முதலாளி, தேர்தலில் நிற்கப்போகிறான் என்று பேச்சு. ஆளுயர ரோஜா மாலை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவன், டீச்சரின் கழுத்தில் அதைப் போட்டுவிட்டு, கூட்டம் பார்க்கும்படி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றான். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வள்ளி எழுந்தாள். இப்போது தாவணி போட்ட பெண். அம்மாவின் தலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாலையைக் கழற்றினாள். அதைக் கொண்டுபோய் வாசல் வேலி முள்ளில் மாட்டினாள். திரும்பி வந்து அம்மாவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, உச்சியில் முகத்தை வைத்து அப்படியே கிடந்தாள். அந்த மனிதன் காருக்குப் போனது யாருக்கும் தெரியவில்லை.

பாடை கிளம்பியது. பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். திரும்பி வரும்போது, யார் வீட்டு வெள்ளாடோ, முன்னங்காலை வேலியில் ஊன்றிக்கொண்டு அந்த ரோஜா மாலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நாங்கள் யாரும் விரட்டவில்லை. முழுதாகத் தின்று முடிக்கட்டும் என்று நின்று பார்த்தோம்.

போய் வாருங்கள் டீச்சர். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.